மிகத் தேறிய வீராங்கனை

எண்பத்தாறாம் ஆண்டு ஆனி பிறந்த புதிதில், வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்த வேளை. தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு ஒரு ரிக்‌ஷா கோவில்பத்துத் தெருவுக்குள் நுழைந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த அல்லி, தன் பெயர் தெருவெங்கும் முழங்கக் கேட்டு அப்படியே நின்றாள்.

கடைமடைக் கூடைப்பந்துச் சங்கத்தின் பரிசளிப்பு விழா வரும் ஞாயிறு மாலை ஆலை மைதானத்தில் நடைபெறும் என்றது அந்தக் குரல். ஆலைகளும் வங்கிகளும் அரசுத் துறைகளும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அணிகள் வைகாசி முழுவதும் மோதிய பந்தயத்தில், பெண்கள் கோப்பையை அரசலாறு நூற்பாலை வென்றதைச் சொல்லியது. அடுத்து, கோவிலில் கட்டியம் கூறுவது போலக் குரலை ஏற்றி, "சிறந்த வீராங்கனை, செல்வி ராஜம். இந்த ஆண்டு முதன்முறையாக, மிகத் தேறிய வீராங்கனை, திருமதி அல்லி நடராசன்" என்று கூவிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

எதிர்வீட்டு வாசலில் மீன்கூடையை இறக்கியிருந்த அஞ்சுகம் நிமிர்ந்து பார்த்தாள். கடற்கரையிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து அந்தத் தெருவுக்கே மீன் கொடுப்பவள். அவள் வாய்க்கு ஊரில் பூட்டு கிடையாது.

"ஏம்மா அல்லி, ஒடம்பு தேறுனதுக்கா கோப்பை குடுக்கறாங்க?"

அல்லி கொடியிலிருந்து அடுத்த துணியை இழுத்தாள்.

"அப்டின்னா பாதி எனக்கு வரணும். நான் குடுத்த பால்சுறாவுலதான் அந்த ஒடம்பு தேறுச்சு. புட்டு அவிச்சுத் தின்னப்ப தெரியலியா? பிள்ளை பெத்து எந்திரிச்ச அத்தனை பேருக்கும் கோப்பை குடுக்கறதா இருந்தா ஆலை தாங்காதுடியம்மா, சொல்லிவை."

வாசல்தோறும் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதில் நஞ்சில்லை. அவர்கள் அந்தச் சொல்லை அறிந்த விதம் அது. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்தால் தேறிவிட்டான் என்பார்கள். தேர்வில் தட்டுத்தடுமாறிக் கரையேறினாலும் தேறிவிட்டான். ஆனால் பெண்கள் கூடும் இடத்தில் அந்தச் சொல்லின் இருப்பிடம் பேறுகால அறைதான். பத்தியம் முடிந்து, வயிறு வற்றி, கன்னத்தில் சதை பிடித்த பெண்ணைப் பார்த்து, 'தேறிட்டியே' என்று தாடையைத் தொட்டு முத்தமிடுவார்கள். அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் இடையே புழங்க வேண்டிய அந்த அன்புச் சொல்லைக் குழாயில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போனது யார்? உடம்பென்னும் சுமையைத் தானே உதறிவிட்டு ஈசனைக் காண நடந்த ஒருத்தியை ஆண்டுதோறும் மாங்கனி இறைத்துக் கொண்டாடும் ஊர் இது. அந்த ஊரில், அந்தத் திருவிழா மாதத்திலேயே, மற்றொருத்தியின் உடம்பை ஊர்வலம் விட்டிருந்தார்கள்.

மடித்த துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அல்லி உட்கார்ந்தாள். நெஞ்சில் மூண்டது வெட்கம் என்றே முதலில் எண்ணினாள். பிறகுதான் அது சினம் என்று தெரிந்தது.

அவள் குரும்பகரத்து உழவர் வீட்டுப் பெண். நெடிய கைகளும், காற்றில் ஒரு கணம் தங்கி நிற்பது போன்ற தாவலும் இறைவன் கொடுத்தவை. மற்றவையெல்லாம் அவளே உழைத்துச் சேர்த்தவை. பள்ளி ஆட்டத்தில் அவளைக் கண்டுதான் நூற்பாலை வேலை கொடுத்தது. கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி பேருக்குக் கிடந்ததே தவிர, சம்பளம் பந்துக்குத்தான். எண்பத்து நான்கில் அவள் ஆடிய ஆட்டத்தைக் காண நாகூரிலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆண்டு பெண்களுக்குத் தனிப்பரிசு எதுவும் இல்லை. பெண்கள் ஆட்டத்துக்குக் கோப்பை ஒன்று போதாதா என்றார்கள்.

மறு ஆண்டு பங்குனியில் மகள் பிறந்தாள். வைகாசியில் பந்தயம். பிள்ளைக்குத் தலை நிற்காத நேரம். அணியில் ஒருத்தி கால் முறிந்து கிடந்தாள். ஒருத்தி கல்யாணமாகிச் சிதம்பரம் போய்விட்டாள். சங்கத்தின் செயலாளரும் ஆலையின் நலத்துறை அதிகாரியுமான அமிர்தலிங்கம், ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஐந்து பேர் இறங்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள், ஐந்து பெண்களின் சோறு போகும், பேருக்கு வந்து நின்றால் போதும், பந்தைத் தொடக்கூட வேண்டாம் என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார்.

அல்லி போய் நின்றாள். பால் கட்டிய மார்போடு, இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் நின்றாள். இடைவேளையில் சட்டை நனைந்துவிடும். புள்ளிப்பலகைக்குப் பின்னால் ஒதுங்கி, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு வருவாள். ஓடு, ஓடு என்று கூட்டம் கத்தும். கைக்கு வந்த பந்தைக் கூடையில் போட்டு ஆட்டத்துக்கு நான்கு புள்ளி, ஆறு புள்ளி எடுத்தாள். அணி தோற்றது, ஆனால் கலையவில்லை.

இந்த ஆண்டு எந்த ஆட்டத்திலும் அவள் இருபதுக்குக் குறையவில்லை. எண்பத்து நான்கிலும் குறைந்ததில்லை. நடுவிலிருந்த அந்த ஓர் ஆண்டை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்து, இவள் எவ்வளவு தேறியிருக்கிறாள் பார் என்று அளந்திருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. சிறந்த வீராங்கனை எவளோ அவளே புதுச்சேரி அணிக்குத் தலைவியாக வடநாட்டுப் பந்தயத்துக்குப் போவாள் என்பது சங்கத்தின் ஏற்பாடு. பள்ளியில் பந்தைக் கையில் எடுத்த நாள்முதல் அல்லி வேண்டி நின்றது அது ஒன்றைத்தான்.

மறுநாள் மதியம் அவள் அமிர்தலிங்கத்தின் அறைக்குப் போனாள். அவர் வெள்ளைச் சட்டைக்காரர்; பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்தவர்; யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அதனாலேயே அவரோடு சண்டையிடுவது கடினம்.

"சார், நான் எதுலேருந்து தேறினேன்?"

அவர் சிரித்து, உட்காரச் சொல்லி, கதையை முதலிலிருந்து விரித்தார். அவர் படித்த பள்ளியில் ஆண்டு முடிவில் 'ப்ரொக்ரே', அதாவது முன்னேற்றம், என்று ஒரு பரிசு உண்டாம். கடைசி வாங்குப் பலகையிலிருந்து முன்னுக்கு வந்த பையனுக்குக் கொடுப்பார்களாம். இப்போது அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்திலும் அப்படியொரு பரிசு தொடங்கியிருப்பதாக ஒரு விளையாட்டு இதழில் படித்தாராம். நம் கடைமடையில் ஏன் கூடாது என்று தோன்றியதாம். மிகவும் முன்னேறிய வீராங்கனை என்றுதான் முதலில் எழுதினார்களாம். குழுவில் ஒருவர் பதறிவிட்டார். முன்னேறிய வகுப்பு, பிற்பட்ட வகுப்பு என்று விண்ணப்பந்தோறும் சாதி கேட்கிற காலத்தில், முன்னேறியவள் என்று மைக்கில் கூவினால் எந்தச் சாதி என்று கேட்டுக் கல் எறிவார்கள் என்றாராம். ஆகவே தேறியவள் ஆயிற்று.

"நல்ல தமிழ்ச் சொல்லும்மா அது. கலங்குன தண்ணியில தேத்தாங்கொட்டையை உரைச்சா தேறி நிக்குது பாரு, அந்தத் தேறல்."

"கலங்குனது யாருங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன ஆண்டுப் புள்ளிகளையும் இந்த ஆண்டுப் புள்ளிகளையும் சொல்லி, அணியில் வேறு எவளுக்கும் இத்தனை ஏற்றம் இல்லை என்றார்.

"போன வருஷம் வந்து நில்லுன்னு கூப்புட்டது யாரு சார்? பந்தைத் தொட வேணாம்னீங்க. தொட்டேன். தொடாம இருந்திருந்தா இன்னும் பெரிய கோப்பையா குடுத்திருப்பீங்களா?"

அமிர்தலிங்கம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு குரலை இன்னும் தணித்தார். சிறந்த வீராங்கனைப் பரிசையும் சேர்த்து ஒருத்திக்கே இரண்டு கொடுப்பது முறையாகாது என்றார். வடநாட்டுப் பயணம் பல நாள் ரயில், தலைவி என்றால் பத்துப் பெண்களுக்குப் பொறுப்பு, கைப்பிள்ளைக்காரியை அனுப்பினால் நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. ராஜம் கல்யாணம் ஆகாதவ. ஒனக்கும் வெறுங்கையா இருக்கக் கூடாதுன்னுதான் இதை ஏற்பாடு பண்ணோம்."

உண்மை வெளியே வந்துவிட்டது. அந்தப் பரிசு அவளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே அல்ல; அவளை ஒதுக்கிவைத்த இடத்தை மூடுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவும் பிரான்சும் தமிழும் சேர்ந்து சுமந்து வந்த கல் அது. அந்தக் கல்லுக்கு வெள்ளிப் பூச்சு வேறு.

பிள்ளையைப் பற்றி அவளிடமோ அவள் கணவனிடமோ ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றாள் அல்லி. அழைப்பிதழ் போய்விட்டது, பெரிய அதிகாரி வருகிறார், இனி மாற்ற முடியாது என்பதுதான் விடையாக வந்தது.

படியிறங்கும்போது ராஜம் எதிரே வந்தாள். ஆறு ஆண்டுகளாக ஒரே பாயில் படுத்து ஊர் ஊராக ஆடியவர்கள். எதிரணிக்காரியை நிழல் போல ஒட்டிக்கொண்டு மூச்சுவிட முடியாமல் செய்வதில் ராஜத்துக்கு இணையில்லை. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எம்மேல கோவமாடி?"

"உம்மேல இல்ல."

"நான் வேணாம்னா ஒனக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களா? பேங்க் டீம்காரி எவளுக்காவது போவும். அதுக்கு நானே வாங்கிக்கறேன்."

"வாங்கிக்க. நீ ஆடுன ஆட்டம் அது. நான் எனக்குன்னு குடுக்கறதைப் பத்திப் பேசறேன்."

"அதையும் பேசாம வாங்கிட்டு வாயேன். ஒரு கோப்பை, அவ்வளவுதானே."

அன்று மாலை நடராசனும் அதையேதான் சொன்னான். கூட்டுறவு வங்கியில் எழுத்தர் அவன். எதையும் முதலில் வேடிக்கையாகப் பார்த்துப் பிறகு யோசிப்பது அவன் வழக்கம். கோப்பையில் உப்புப் போட்டு வைக்கலாம், மழைக்காலத்தில் நீர்த்துப் போகாது என்றான். அல்லி சிரிக்காததைக் கண்டு, மடியிலிருந்த மகளின் கையிலிருந்து தன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, என்ன என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கைப்பிள்ளைக்காரி என்ற இடம் வந்ததும் அவன் முகம் மாறியது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா அவங்க? பிள்ளைய நான் பாத்துக்க மாட்டேன்னு யாரு சொன்னது?"

"உங்களைக் கேக்கல. என்னையும் கேக்கல."

"சரி, என்ன பண்ணப் போற?"

வாங்கினால், அவர்கள் எழுதிவைத்ததை ஒப்புக்கொண்டதாகும் என்றாள் அல்லி. எண்பத்து நான்கில் அவள் ஆடியது இல்லையென்று ஆகும். பால் கட்டிய மார்போடு நின்றது அவளுடைய குறை என்று ஆகும். தலைவி பதவி போனால் போகட்டும். அதைப் பறித்தவர்கள் பறித்ததாகவே இருக்கட்டும். தான் கொடுத்ததாக ஆகக் கூடாது. நடராசன் ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னான்.

விழாவுக்கு ஆலை மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, ஆலைத் தொழிலாளி ஒருவர் கணீரென்ற குரலில் கடவுள் வாழ்த்துப் பாடினார். மாசற்றவனைப் பாடிய அந்த மேடைமேல், மேசை விரிப்பில், கோப்பைகள் உயர வரிசைப்படி நின்றன. அல்லி நேரே அமிர்தலிங்கத்திடம் போய், தன் பெயரை அழைக்க வேண்டாம், அழைத்தாலும் வாங்கப் போவதில்லை என்று தெளிவாகச் சொன்னாள். அவர் கூட்டத்தைப் பார்த்தபடியே சரி, சரி என்றார். அவள் அணியோடு மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஓரத்தில் நடராசன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். பின்னால் பெண்கள் பகுதியில் அஞ்சுகம் தன் தெருக்காரிகளோடு வந்திருந்தாள்.

ஆண்கள் பரிசுகள் முடிந்தன. அமிர்தலிங்கம் ஒலிவாங்கியை நெருங்கினார்.

"மிகத் தேறிய வீராங்கனை, திருமதி அல்லி நடராசன். அவங்களுக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் மேடைக்கு வர இயலவில்லை. அவங்க சார்பில் ராஜம் பெற்றுக்கொள்வாங்க."

மூன்றாம் வரிசையில் கல்லாகச் சமைந்திருந்தாள் அல்லி. ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் போலும்: அவள் உடம்பு. முன்பு அதற்குப் பரிசு கொடுத்தார்கள். இப்போது அதையே சாக்காக்கினார்கள். பொய்யென்று தெரிந்தும், பந்தலில் கைதட்டினார்கள்.

ராஜம் எழுந்தாள். எழுந்தவள் நகரவில்லை. அல்லியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அல்லி அவளைக் கடந்து நடந்தாள். மேடைப் படிகளில் ஏறினாள். கோப்பையைக் கையில் எடுத்து நின்ற அதிகாரி, உடம்பு சரியில்லாதவள் நேரில் வந்ததைக் கண்டு மகிழ்ந்து சிரித்து, கோப்பையை நீட்டினார். அவருக்கு முன் கைகூப்பிவிட்டு, அவள் ஒலிவாங்கியிடம் திரும்பினாள். அமிர்தலிங்கம் விலகிக்கொண்டார், விலகாமல் வேறு வழி இல்லை.

"எனக்கு ஒடம்பு நல்லா இருக்குங்க" என்றாள். "போன வருஷமும் எனக்கு நோய் ஒண்ணும் இல்ல. பிள்ளை பெத்திருந்தேன். ஆளில்ல, வந்து நில்லுன்னு வீட்டுக்கு வந்து கூப்புட்டாங்க. பால் கட்டுன மாரோட வந்து நின்னேன். அப்ப நான் எடுத்த நாலு புள்ளிய என் ஆட்டம்னு எழுதி வெச்சுக்கிட்டு, இப்ப தேறிட்டேங்கறாங்க. அதுக்கு முந்துன வருஷம் நான் ஆடுனதை நீங்க எல்லாரும் பாத்தீங்க. என் ஆட்டம் கலங்கவும் இல்ல, தேறவும் இல்ல. இந்தக் கோப்பை எனக்கில்லைங்க."

தூரத்தில் ஆலையின் இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவன், அப்ப அதை யாருக்குத்தான் குடுக்கறதாம் என்று கேலியாகக் கேட்டான்.

"தேற வேண்டியவங்க மேடையிலயே இருக்காங்க. அடுத்த வருஷம் தேறுனா அவங்களுக்குக் குடுங்க."

பெண்கள் பகுதியில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது அஞ்சுகத்தின் சிரிப்பு என்று அல்லிக்குத் தெரியும். பிறகு அது சிரிப்பாக இல்லை. வயதான பெண்கள், இளம்பெண்கள், மடியில் பிள்ளையோடு இருந்தவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஆலைக்காரர்களிடம் ஒருத்தி எதையோ உரக்கக் கேட்டாள். பிள்ளை பெத்தவளை யாருடா ஓடவிட்டது என்று அஞ்சுகத்தின் குரல் மற்றவற்றை மீறி வந்தது. அதிகாரி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

அல்லி இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள். அடுத்த பெயர் அழைக்கப்பட்டது. சிறந்த வீராங்கனை, ராஜம். ராஜம் போனாள், வாங்கினாள், புதுச்சேரி அணியின் தலைவி என்று அறிவிக்கப்பட்டபோது தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அல்லி கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் பொய் கலக்கவில்லை. ராஜம் ஆடத் தெரிந்தவள். ஆனால் தான் எட்டு ஆண்டுகளாக வேண்டி நின்றது, பத்தடி தூரத்தில் இன்னொருத்தியின் கைக்குப் போவதை அவள் இமைக்காமல் பார்த்தாள். நியாயம் பேசியதனால் அது வலிக்காமல் போய்விடவில்லை.

கூட்டம் கலைந்தபோது, வாயிலருகே அமிர்தலிங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். கையில் அந்தக் கோப்பை. முகத்தில் சினமில்லை; ஒரு பள்ளிப்பிள்ளையின் திகைப்பு இருந்தது. ஆலை நிர்வாகம் விளக்கம் கேட்கும் என்றார். மனம் புண்பட்டு அப்படிப் பேசிவிட்டதாக அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாகச் சொன்னார்.

"என்ன விளக்கம் வேணுமோ மைக்குலயே சொல்லிட்டேன் சார்."

"அது சரிம்மா. இதுல ஒம்பேரை வெட்டியாச்சே. இதை நான் என்ன பண்றது?"

அல்லி நடராசனிடமிருந்து மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அழிச்சிடுங்க சார். ஆலையில உப்புத்தாள் கிடக்கும்."

பேருந்து நிறைந்து வந்தது. ஏறும்போது, காலைப் பயிற்சி ஆறு மணிக்கு என்று பின்னாலிருந்து ராஜம் கூவிச் சொன்னாள். தலைவியாக அவள் இட்ட முதல் ஆணை. வருகிறேன் என்று அல்லி தலையசைத்தாள். கம்பியைப் பிடித்து நின்றபோது அவளுடைய சினம் இம்மியும் தணிந்திருக்கவில்லை.